மக்களவையில் எங்கள் ஊர்ப் பெயர் ஒலித்த பிறகு நடந்தவை

2022 டிசம்பரில், மக்களவையின் குளிர்காலக் கூட்டத்தொடரில், எங்கள் தொகுதி உறுப்பினர் எழுந்து எங்கள் மலைக்கிராமத்தின் பெயரைச் சொல்லி, அங்கே கைபேசிக் கோபுரம் இல்லாததால் மக்கள் படும் பாட்டை விளக்கினார். எங்கள் ஊரில் சிக்னல் வந்தது 2025-இல். இடைப்பட்ட காலத்தில் மனுக்களைச் சுமந்து அலைந்தவர்களில் பெரும்பாலும் நான் ஒருவனே மிஞ்சினேன். நாடாளுமன்றத்தில் பேசியாயிற்று, இனி எல்லாம் தானாக நடந்துவிடும் என்று ஊரே நம்பியிருந்த அந்த மாதங்களில், அந்தப் பேச்சுக்கும் அரசு அலுவலகக் கோப்புக்கும் நடுவே என்னென்ன நடக்க வேண்டும் என்பதை எடுத்துச் சொல்ல எங்களுக்கு யாரும் இல்லை. இதே காரியத்துக்காக உங்கள் உறுப்பினரை அணுகப் போகிறவர்களுக்கு அந்த விவரங்கள் முன்கூட்டியே கிடைக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஊரின் பெயரையும் உறுப்பினரின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். பெயர்களைச் சொன்னால் விஷயம் கட்சி வாதமாகத் திரும்பிவிடும்.

எங்கள் ஊர் கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. வருவாய்க் கணக்கில் அது தனிக் கிராமம் அன்று. அடிவாரத்தில் இருக்கும் தாய்க்கிராமத்தோடு சேர்ந்த குக்கிராமம். நான் அங்கே ஒரு பொதுச் சேவை மையம் நடத்தி வந்தேன். கணினி, அச்சுப்பொறி, கைரேகைக் கருவி, மின்கல இன்வெர்ட்டர் என்று ₹1,20,000 வரை போட்டேன். அதில் பாதி கடன். பட்டா விண்ணப்பம், சாதிச் சான்று, ஆதார் வழியே பணம் எடுப்பது என எல்லாவற்றுக்கும் இணையம் வேண்டும். ஊருக்கு மேலே இருக்கும் பாறை மேட்டில் நின்றால் அடிவாரத்துக் கோபுரத்தின் சிக்னல் ஒன்றிரண்டு கோடு காட்டும். ஊருக்குள் ஒன்றும் இராது. 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டு இணையவழி வகுப்புகள் தொடங்கியபோது பிள்ளைகள் அந்த மேட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து படித்தார்கள். 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலையின் எல்லாப் பணியிடங்களிலும் என்.எம்.எம்.எஸ். செயலியில் நாளுக்கு இரண்டு முறை தொழிலாளர்களின் படத்தை ஏற்றி வருகைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஆனபோது, எங்கள் பணித்தளப் பொறுப்பாளர் பெண்மணியும் அதே மேட்டுக்கு ஏறத் தொடங்கினார். படம் ஏறாத நாளின் கூலிக்காக அவர் அலுவலகத்தில் போய் மன்றாட வேண்டியிருந்தது. என் மையத்தின் வருமானம் கடன் தவணைக்கே போதாமல் போயிற்று.

உறுப்பினரிடம் போகும் முன் மற்ற கதவுகளைத் தட்டாமல் இல்லை. ஒரு தனியார் நிறுவனத்தின் வட்டார அலுவலகத்தில், உங்கள் ஊரின் வீடுகளை எண்ணினால் கோபுரத்துக்கு ஆகும் செலவு திரும்பாது என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்கள். அந்த நேர்மையை நான் இன்றும் மதிக்கிறேன்; அதன் பிறகு எனக்குக் கிடைத்த பதில்கள் பலவற்றில் அது இல்லை. இந்தக் கட்டத்தில் இரண்டு எச்சரிக்கைகள். கோபுரம் இல்லாத ஊர் என்று தெரிந்தால் போதும், 'உங்கள் நிலத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டோம், மாத வாடகை இவ்வளவு, முன்பணத்தை மட்டும் கட்டுங்கள்' என்று கைபேசியில் வலை விரிப்பவர்கள் வருவார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் கோபுரத்துக்காக யாருக்கும் தடையின்மைச் சான்று கொடுப்பதில்லை. அப்படி ஒரு சான்றைக் காட்டிப் பணம் கேட்டால் அது மோசடியே. இன்னொன்று, சிக்னலைப் பெருக்கித் தரும் பூஸ்டர் கருவி. பக்கத்து ஊரில் ஒருவர் ₹18,000 கொடுத்து வாங்கிப் பொருத்தினார். உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம் என்பதும், அது சுற்றியுள்ள மற்றவர்களின் சிக்னலைக் கெடுக்கும் என்பதும் அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. கழற்றி மூலையில் போட்டுவிட்டார்.

உறுப்பினரின் தொகுதி அலுவலகத்துக்கு ஊர்க்காரர்களின் கையெழுத்தோடு மனு கொண்டுபோனபோது, அங்கே கட்சியின் ஒன்றியப் பொறுப்பாளர்களின் வழியாகத்தான் உள்ளே போக முடியும் என்ற நிலை இருந்தது. உறுப்பினர் மனுவை வாங்கி, கடிதத்தாளில் அமைச்சருக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அதன் நகல் எங்கள் டீக்கடைச் சுவரில் வெகுகாலம் ஒட்டப்பட்டிருந்தது. உண்மையில் பயன்பட்டவர் அவருடைய டெல்லி அலுவலகத்தில் இருந்த இளைஞரான உதவியாளர். கேள்விகளையும் அறிவிப்புகளையும் எழுதித் தருபவர் அவர்தான் என்பதைத் தெரிந்துகொண்டு தொலைபேசியில் பேசினேன். எங்கள் மனுவில் துயரம் நிறைய இருக்கிறது, விவரம் இல்லை என்றார் அவர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிராமத்தின் குறியீட்டு எண், குக்கிராமத்தின் பெயர் அரசுப் பதிவில் எழுதப்பட்டிருக்கும் எழுத்து முறை, வீடுகளின் எண்ணிக்கை, ஊரின் அட்சரேகை தீர்க்கரேகை, மிக அருகில் இருக்கும் கோபுரம் எத்தனை கிலோமீட்டரில் யாருடையது, ரேசன் கடையும் பள்ளியும் அங்கன்வாடியும் எங்கே இருக்கின்றன என்று அவர் கேட்ட பட்டியலில் பாதிக்கு மேல் என்னிடம் இல்லை. அருகிலுள்ள கோபுரங்களைத் தரங் சஞ்சார் இணையதளத்தில் பார்க்கலாம் என்பதையும் அவரே சொன்னார். நீங்கள் மனுவோடு போகும்போது இவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, அதை மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். டெல்லியில் அறிவிப்பு எழுதுபவரின் மேசைக்குத் தொகுதி அலுவலகத்தில் கொடுத்த காகிதம் போய்ச் சேரும் என்று எண்ண வேண்டாம்.

டிசம்பரில் உறுப்பினர் பேசியது நேரமில்லா நேரத்தில். கேள்வி நேரம் முடிந்த பிறகு, அன்றன்று கொடுக்கப்படும் அறிவிப்புகளிலிருந்து குலுக்கல் முறையில் எடுக்கப்படும் உறுப்பினர்களுக்குச் சில நிமிடங்கள் கிடைக்கும். அவருக்குக் கிடைத்த இரண்டு நிமிடத்துக்குள் பிள்ளைகள் மேட்டில் உட்கார்ந்து படித்ததையும், வரவிருக்கும் செயலி வருகைப் பதிவையும் சொல்லி முடித்தார். அந்தக் காணொலித் துண்டு எங்கள் வட்டாரம் முழுவதும் சுற்றியது. அதை நாங்கள் பார்த்ததும் அதே பாறை மேட்டில் நின்றுதான். பட்டாசு வெடித்தோம், மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைத்தார்கள். எனக்கும் கண் கலங்கியது. அதைச் சொல்ல வெட்கமில்லை. எங்கள் பெயர் அந்த மண்டபத்தில் ஒலித்ததே எங்களுக்குப் பெரிதாக இருந்தது.

பிறகு பொங்கல் வந்தது, மாசி வந்தது, யாரும் அளக்கக்கூட வரவில்லை. நேரமில்லா நேரத்தில் எழுப்பப்படும் விஷயத்துக்கு அமைச்சர் அவையில் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. கவனத்துக்குக் கொண்டுவருவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. அமைச்சகத்துக்குச் சுற்றுக்கு அனுப்பப்படலாம்; ஆனால் நம் கையில் பிடித்துக்கொண்டு மேற்கொண்டு நடப்பதற்கு ஒரு தாளும் மிஞ்சாது. செய்தித்தாளில் பெயர் வர இதைவிட நல்ல வழி கிடையாது; உறுப்பினர்களுக்கு இது பிடிப்பதற்கும் அதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன். அதில் தவறில்லை. ஆனால் ஊர்க்காரர்கள் கேட்க வேண்டியது பதில் வந்தே தீர வேண்டிய வழியை. அவற்றில் எளியது எழுத்துப்பூர்வக் கேள்வி. மக்களவையில் ஒரு நாளுக்கு 20 கேள்விகள் நட்சத்திரக் குறியோடு வாய்மொழிப் பதிலுக்கும், 230 கேள்விகள் நட்சத்திரக் குறி இல்லாமல் எழுத்துப்பூர்வப் பதிலுக்கும் எடுக்கப்படுகின்றன. இதற்கும் குலுக்கல் உண்டு என்றாலும் 230-க்குள் இடம் பிடிப்பது ஒப்பீட்டளவில் எளிது. குறைந்தது 15 நாட்களுக்கு முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள்தான் முறை வரும். ஆகவே கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு போய் நின்றால் அந்தத் தொடர் கைநழுவிவிடும். தேதி அறிவிக்கப்பட்டவுடன் விவரங்கள் உதவியாளரிடம் இருக்க வேண்டும்.

2023 பட்ஜெட் கூட்டத்தொடரில் எங்களுக்காக ஒரு கேள்வி இடம் பெற்றது. மாவட்டத்தில் கைபேசிச் சேவை இல்லாத கிராமங்கள் எத்தனை, அவை எவை, அரசு என்ன நடவடிக்கை எடுத்துள்ளது என்பது கேள்வி. பதில் வந்த அன்று மாலையே நாடாளுமன்ற இணையதளத்தில் அது கிடைத்தது. மத்திய அமைச்சரவை 2022 ஜூலையில் ₹26,316 கோடி செலவில் 24,680 கிராமங்களுக்கு 4ஜி சேவை கொடுக்க ஒப்புதல் அளித்திருக்கிறது, பி.எஸ்.என்.எல். அதைச் செயல்படுத்துகிறது என்ற பத்தி முதலில் இருந்தது. இணைப்பில் மாவட்டத்தின் சேவையில்லாக் கிராமங்களின் பட்டியல் இருந்தது. அதில் எங்கள் ஊர் இல்லை. பட்டியலை மேலும் கீழுமாகத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எங்கள் ஊர் சேவை உள்ள ஊர் என்றல்லவா இதற்குப் பொருள் என்று புரிந்தபோது வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மலையடிவாரத்துத் தாய்க்கிராமத்தில் ஒரு கோபுரம் இருக்கிறது. கணக்கு வருவாய்க் கிராமத்தை அலகாகக் கொள்கிறது. எனவே அதற்கு உட்பட்ட எல்லாக் குக்கிராமங்களும் சேவை பெற்றவையாகவே எண்ணப்பட்டுவிட்டன. மக்களவையில் உறுப்பினர் சிக்னல் இல்லை என்றார். இரண்டே மாதத்தில் அதே அவையில் வைக்கப்பட்ட தாள் மறைமுகமாக இருக்கிறது என்றது. இரண்டும் அவரவர் கணக்கில் சரி.

மலையும் காடும் உள்ள மாவட்டங்களில் இருப்பவர்கள் இந்த ஓர் இடத்தில் நின்று கவனிக்க வேண்டும். நம் ஊர் எப்படிப்பட்டது என்பது வேறு, அது அரசின் எந்தப் பட்டியலில் எந்தப் பெயரில் இருக்கிறது என்பது வேறு. கேள்வியில் கிராமங்கள் என்று மட்டும் எழுதினால் பதிலும் கிராமங்களுக்கே வரும். குக்கிராமத்தின் பெயரைக் குறிப்பிட்டு, 'இன்ன வருவாய்க் கிராமத்துக்கு உட்பட்ட இன்ன குடியிருப்பில் சேவை உண்டா, இல்லையெனில் அது திட்டத்தில் சேர்க்கப்படுமா' என்று கேட்டால்தான் அலுவலர் அந்தப் பெயரைத் தேடியாக வேண்டும். ஊராட்சியின் குக்கிராமப் பட்டியல் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் இருக்கும். அதில் சான்றொப்பம் பெற்ற நகல் ஒன்றை நான் வாங்குவதற்குள் எழுத்தர் மூன்று பேர் மாறிவிட்டார்கள். இந்த நகல் இருந்தால், இப்படி ஒரு ஊர் இருக்கிறது என்பதையே நிரூபிக்க வேண்டிய வேலை மிச்சமாகும். சிரிக்காதீர்கள், ஓர் அலுவலகத்தில் என்னிடம் அதைத்தான் முதலில் கேட்டார்கள். 2024-இல் வந்த சேவைத்தர விதிகளின்படி நிறுவனங்கள் தங்கள் சேவைப் பரப்பைக் காட்டும் வரைபடங்களை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று ஆகியிருக்கிறது. இன்று தொடங்குபவர்கள் அதில் தங்கள் ஊரைப் பார்த்து, படம் பிடித்து வைத்துக்கொள்ளலாம். சிக்னல் இல்லாத வீட்டு வாசலில் நின்று எடுத்த படமும், அதே இடம் வண்ணம் பூசிக் காட்டப்படும் வரைபடமும் ஒரே தாளில் இருந்தால் அதிகம் பேச வேண்டியிராது.

பட்டியலில் ஏன் இல்லை என்பதை அறியத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ₹10 கட்டி இணையத்தில் விண்ணப்பித்தேன். அது ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு மாற்றப்பட்டு, 30 நாட்கள் கடந்து, மேல்முறையீடு செய்த பிறகே பதில் வந்தது. எங்கள் குடியிருப்பு எந்தக் கணக்கெடுப்பிலும் தனியாகப் பார்க்கப்படவில்லை என்று ஒரே வரி. அந்த வரிக்காகப் பல மாதங்கள் போயின. ஆனால் அதன் பிறகு நடந்த ஒவ்வொன்றுக்கும் அதுவே அடித்தளம். உறுப்பினர் தன் கடிதத்தோடு இணைக்க அது ஒன்றுதான் அரசின் சொந்த எழுத்தாக எங்களிடம் இருந்தது.

அடுத்தது விதி 377. பொதுமுக்கியத்துவம் வாய்ந்த விஷயத்தை எழுத்தில் கொடுத்து எழுப்ப இது வழி செய்கிறது. ஓர் உறுப்பினர் வாரத்துக்கு ஒன்று கொடுக்கலாம். இதன் சிறப்பு, அமைச்சகம் ஒரு மாதத்துக்குள் உறுப்பினருக்குப் பதில் எழுத வேண்டும் என்ற நடைமுறை இருப்பது. 2023 மழைக்காலக் கூட்டத்தொடரில் எங்கள் விஷயம் எடுக்கப்படும் என்று உதவியாளர் சொன்னார். உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர், நேரில் போனால் அமைச்சரையே பார்த்துவிடலாம் என்று ஆசை காட்டி எங்களில் நால்வரை டெல்லிக்கு அழைத்துப் போனார். பயணம், தங்குமிடம், 'மற்ற செலவுகள்' என்று என் பங்குக்கு மட்டும் ₹14,000 போயிற்று. பார்வையாளர் மாடத்துக்குச் சீட்டு கிடைத்தது. கைபேசியை வாயிலிலேயே ஒப்படைக்கச் சொன்னார்கள். கைபேசிக்குச் சிக்னல் கேட்டு வந்தவர்கள் கைபேசி இல்லாமல் உட்கார்ந்திருந்தோம். மணிப்பூர் விவகாரத்தில் அவை கொந்தளித்துக்கொண்டிருந்த வாரம் அது. அந்தக் கொந்தளிப்புக்கு நியாயம் இருந்தது என்பதே என் எண்ணம். ஆனால் நாங்கள் பார்த்தது சில நிமிட அமளியும் ஒத்திவைப்பும் மட்டுமே. எங்கள் விஷயம் வாசிக்கப்படாமல், அன்று மற்ற உறுப்பினர்கள் கொடுத்தவற்றோடு சேர்த்து அவை முன் வைக்கப்பட்டதாகக் கருதப்பட்டது. ரயிலில் திரும்பும்போது யாரும் பேசவில்லை. அறிவிப்புகளை உறுப்பினர் இணையம் வழியே கொடுக்கிறார். நாம் டெல்லியில் இருப்பதால் குலுக்கலில் பெயர் வந்துவிடாது. உங்களை அழைத்துப் போகிறேன் என்று யார் சொன்னாலும் அந்தப் பணத்தை நில ஆவணங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாசிக்கப்படாததால் வீண் என்று நினைத்துவிட்டோம். அப்படியில்லை, அவை முன் வைக்கப்பட்டதும் பதிவில் ஏறிவிடும், அமைச்சகம் பதில் எழுதத்தான் வேண்டும். அந்தப் பதில் உறுப்பினரின் டெல்லி முகவரிக்கு வந்து, வேறு கடிதங்களுக்கு நடுவே கிடந்தது. நான் பழக்கத்தினால் மாதம் ஒருமுறை உதவியாளரை அழைத்துக் கேட்டுக்கொண்டிருந்ததால் கிடைத்தது. இல்லாவிட்டால் இன்றும் அங்கேயே இருந்திருக்கும். பதில் மனுதாரருக்கு வராது, உறுப்பினருக்கு மட்டுமே வரும் என்பதை மறக்க வேண்டாம். அதில் இருந்த சாரம் இதுதான்: அமைச்சரவை ஒப்புதல் அளித்த அந்த 4ஜி நிறைவுத் திட்டத்தில், புதிய குடியிருப்புகள், ஏற்கெனவே இருந்த சேவை திரும்பப் பெறப்பட்ட இடங்கள் போன்றவற்றுக்காகக் கூடுதலாக 20 சதவீதக் கிராமங்களைச் சேர்த்துக்கொள்ள இடமுண்டு, கள ஆய்வு செய்து, நிலமும் அனுமதியும் கிடைத்தால் பரிசீலிக்கப்படும். பரிசீலிக்கப்படும் என்ற சொல்லைப் பார்த்து ஊரார் உதட்டைப் பிதுக்கினார்கள். எனக்கோ மேட்டுக்கு ஏறாமலே சிக்னல் கிடைத்ததுபோல் இருந்தது. கள ஆய்வு என்று எழுதிவிட்டார்கள் அல்லவா.

ஆய்வுக்கு வந்தவர்கள் உயரமான இடம் என்று தேர்ந்தெடுத்தது எங்கள் பாறை மேட்டை. அது காப்புக்காடு. வன அனுமதி என்றால் கோப்பு எந்த ஊருக்கெல்லாம் போய் வரும் என்பது மலையில் வாழ்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சாலையும் குடிநீரும் அப்படித்தான் எங்களுக்கு வருடக்கணக்கில் நின்றன. ஆகவே வி.ஏ.ஓ.விடம் புல வரைபடமும் அ-பதிவேட்டு நகலும் வாங்கி, கோயிலுக்குப் பின்னால் நத்தம் புறம்போக்கில் ஓர் இடத்தைக் காட்டினோம். உயரம் கொஞ்சம் குறைவு. மேல்பக்கத்துக் குடியிருப்புக்குச் சிக்னல் எட்டாது என்று பொறியாளர் அப்போதே சொன்னார். அதற்குள் அக்டோபர் 2 வந்ததால் கிராம சபையில் அந்தப் புல எண்ணைக் குறிப்பிட்டுத் தீர்மானம் நிறைவேற்றினோம். கிராம சபைத் தீர்மானத்தில் கோபுரம் வேண்டும் என்று பொதுவாக எழுதுவதில் பயனில்லை. புல எண், பரப்பு, ஆட்சேபணை இல்லை என்ற வாசகம் மூன்றும் இருக்க வேண்டும். கதிர்வீச்சு பற்றிய அச்சத்தைச் சிலர் கிளப்பினார்கள். அவர்களையும் பேசவிட்டுக் குறிப்பில் எழுதியது பிறகு நல்லதாயிற்று, யாரும் புகார் போடவில்லை.

இத்தனைக்கும் பிறகு நிலையறிய ஒரு கேள்வி 2023 குளிர்காலக் கூட்டத்தொடருக்குக் கொடுக்கப்பட்டது. டிசம்பர் 13 அன்று மக்களவைக்குள் இருவர் குதித்த சம்பவம் நடந்தது. அதைப் பற்றி அறிக்கை கேட்டுப் போராடிய எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இரு அவைகளிலுமாக 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். தமிழ்நாட்டு உறுப்பினர்கள் பலர் அதில் அடக்கம். எங்கள் உறுப்பினரும் அதில் ஒருவர். இடைநீக்கம் செய்யப்பட்டவர்களின் பெயரில் இருந்த கேள்விகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டபோது எங்கள் கேள்வியும் போயிற்று. பாதுகாப்பு பற்றிக் கேள்வி கேட்டவரை வெளியேற்றியதற்கும் எங்கள் ஊர்ச் சிக்னலுக்கும் என்ன தொடர்பு என்று நான் இன்றும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு தொகுதியின் குரலை அடைப்பது இவ்வளவு எளிதாக இருக்கக் கூடாது. நடைமுறைக்கு வருவோம்: ஒரே உறுப்பினரை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். மாநிலங்களவை உறுப்பினர்கள் மாநிலம் முழுமைக்கும் உரியவர்கள். அவர்களில் ஒருவரிடமும் அதே ஒரு பக்கத் தாளைக் கொடுத்து வையுங்கள்.

2024 மார்ச்சில் தேர்தல் நடத்தை விதிகள் வந்தன, ஏப்ரல் 19 அன்று தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு, ஜூனில் பதினெட்டாவது மக்களவை. எங்கள் தொகுதியில் ஆளே மாறிவிட்டார். பழைய அலுவலகத்தைக் காலி செய்தபோது எங்கள் கோப்பு என்ன ஆனதோ தெரியாது. என்னிடம் எல்லாவற்றின் நகலும் தேதி வரிசையில் இருந்ததால் புதியவரிடம் ஆரம்பத்திலிருந்து அழ வேண்டியிருக்கவில்லை. அவர் வேறு குணம். பேச்சில் நாட்டம் குறைவு, கூட்டங்களில் நாட்டம் அதிகம். மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு மற்றும் கண்காணிப்புக் குழு, சுருக்கமாகத் திஷா, என்று ஒன்று இருப்பதையே அவர் மூலம்தான் அறிந்தேன். நாடாளுமன்ற உறுப்பினர் தலைமையில் ஆட்சியரும் மத்தியத் திட்டங்களை நடத்தும் துறை அலுவலர்களும் உட்காரும் குழு அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். தொலைத்தொடர்பும் அதன் வரம்புக்குள் வருகிறது. அந்தக் கூட்டத்தில் தொலைத்தொடர்பு அலுவலரும் வனத்துறையும் வருவாய்த்துறையும் மின்வாரியமும் ஒரே மேசையில் இருந்ததால், எது யாரிடம் நிற்கிறது என்பது அரை மணியில் வெளிவந்தது. இரண்டு வருடம் நான் அலுவலகம் அலுவலகமாகத் தேடிய விடை அது. மக்களவையில் எழுப்பச் சொல்லிக் கேட்கும் அதே நாளில், அடுத்த திஷா கூட்டத்தின் பொருள் நிரலிலும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். மின் இணைப்பு, அணுகு சாலை போன்றவை மாநிலத்தின் பொறுப்பில் இருப்பதால் அவற்றை மக்களவைக் கேள்வியில் திணித்தால் ஏற்கவே மாட்டார்கள். அவற்றுக்குச் சட்டமன்ற உறுப்பினரும் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டமும்தான் இடம்.

கோபுரத்தின் இரும்பு 2025 தொடக்கத்தில் மலையேறியது. எங்கள் மாவட்டத்தில் அந்த ஜனவரியோடு ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்திருந்தது. மின் இணைப்பு விண்ணப்பத்தில் கையெழுத்திடத் தனி அலுவலரைத் தேடி மீண்டும் கொஞ்சம் அலைச்சல். மின்கம்பி வருவதற்குள் சூரியத் தகட்டில் ஓட்டினார்கள். அடைமழை நாட்களில் பிற்பகலுக்கு மேல் படுத்துவிடும். 2025 செப்டம்பர் 27 அன்று ஒடிசாவின் ஜார்சுகுடாவில் பிரதமர் பி.எஸ்.என்.எல்.லின் உள்நாட்டுத் தொழில்நுட்ப 4ஜி சேவையைத் தொடங்கிவைத்தபோது சொல்லப்பட்ட 97,500-க்கும் மேற்பட்ட கோபுரங்களில் எங்களுடையதும் ஒன்று. அந்தச் செய்தியை என் மையத்துக்குள் நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்தேன்.

கணக்குப் பார்த்தால் பயணம், நகல்கள், டெல்லி, இழந்த வேலைநாட்கள் எல்லாமாக ₹70,000-க்குக் குறையாது. மையத்தின் கடனுக்கு ஏறிய வட்டி தனி. அந்தக் காலத்தில் என் மனைவியின் நகை ஒன்று அடகில் மூழ்கிப்போனது. ஊரில் யாரும் இதில் பங்கு தரவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது சொல்வேன், ஆளுக்கு ₹100 போட்டு ஒரு நோட்டில் எழுதினால் காரியம் ஒருவனுடையதாகச் சுருங்காமல் இருக்கும், அவன் சோர்ந்தாலும் அடுத்தவர் எடுத்துச் செய்வார். இரண்டு உறுப்பினர்கள் மீதும் எனக்குக் குறை இல்லை. முதலாமவர் பேசியிராவிட்டால் கேள்வியும் விதி 377-உம் எழுந்திராது. இரண்டாமவர் கூட்டம் போட்டிராவிட்டால் கோப்பு நகர்ந்திராது.

மேல்பக்கத்துக் குடியிருப்பில் இன்னும் சிக்னல் இல்லை, பொறியாளர் சொன்னபடியே. அங்கே 40 வீடுகளுக்கு மேல் இருக்கின்றன. அதே தாய்க்கிராமத்தின் பெயரில் இப்போது இரண்டு கோபுரங்கள் கணக்கில் நிற்பதால், அடுத்த பட்டியலிலும் அது சேவை பெற்ற இடமாகவே வரும். குக்கிராமப் பட்டியலின் நகல், வாசலில் எடுத்த படங்கள், அட்சரேகை தீர்க்கரேகை எல்லாம் சேர்த்து ஒரு பக்கத் தாளை இந்த முறை அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த இரண்டு பெண்கள் தயாரித்திருக்கிறார்கள். உறுப்பினரின் உதவியாளருக்கு அனுப்பியாயிற்று. அடுத்த கூட்டத்தொடரின் தேதி அறிவிப்புக்காகக் காத்திருக்கிறோம்.